இரு முறை துறந்த முனிவர்

துறவு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் ஒரு காட்சி எழுகிறது. மனையையும் மக்களையும் பொருளையும் புகழையும் விட்டு நீங்கிய ஒருவர் மலைக்குகை ஒன்றில் தனித்திருந்து தவம் புரியும் காட்சி அது. நாடு எதுவாயினும், சமயம் எதுவாயினும் இக்காட்சி பெரிதும் மாறுவதில்லை. இன்பம் தருவனவற்றை விடுதலே துறவு என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அங்ஙனம் விடுதல் அரிது என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் அதனினும் அரியதோர் துறவு உண்டு. உலகம் கடமை என்று கூறித் தன் தோளில் ஏற்றிய ஒன்றை, ‘இதற்கு யான் உரியன் அல்லேன்’ என்று தெளிந்து, எல்லாரும் காண இறக்கி வைத்தலே அது.

அது துறவு தானா? அன்றித் துறவு என்னும் போர்வை போர்த்த கோழைத்தனமா? கடமையை இறுதிவரை சுமந்து நிற்றல் அறமா, சுமக்க இயலாது என்று கண்டபின் விலகுதல் அறமா? இவ்வினாவை நூலால் எழுப்பியோர் பலர். வாழ்வால் எழுப்பியோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், 13ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு மலைகளில் வாழ்ந்த கிறித்தவ முனிவர் பியெத்ரோ. வரலாறு அவரை ஐந்தாம் செலஸ்தீன் என்னும் போப்பாண்டவராக அறியும். திருச்சபை அவரைப் புனிதராக வணங்கும். அவர் வாழ்வை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது, நம் வாழ்வையும் எண்ணிப் பார்க்கத் துணை செய்யும்.

மலையும் குகையும்

பியெத்ரோ 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நடு இத்தாலிக்குத் தெற்கே மொலீசே என்னும் நிலப்பகுதியில், எளிய உழவர் குடியில் பிறந்தார். பன்னிரு மக்களுள் அவர் பதினொன்றாமவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். பெனடிக்ட் துறவியர் மடத்தில் சேர்ந்தார். ஆனால் மடத்து வாழ்வும் அவருக்குப் போதிய தனிமையைத் தரவில்லை. சுல்மோனா நகருக்கு அண்மையில் உள்ள மொர்ரோனே மலைக்குச் சென்று குகை ஒன்றில் தங்கினார். அம்மலையின் பெயரே பின்னர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அங்கும் மக்கள் நாடி வரவே, மயெல்லா என்னும் இன்னும் உயர்ந்த மலைத் தொடருக்குப் பெயர்ந்தார். கடும் நோன்பும், உறக்கமற்ற இறைவேண்டலும், முரட்டு ஆடையுமே அவர் வாழ்வாயின.

உலகை விட்டு ஓடுபவரை உலகம் துரத்துவது இயல்பு. தனிமையைத் தேடிய பியெத்ரோவைச் சுற்றி மாணவர் பலர் கூடினர். அவர்களைக் கொண்டு ஒரு துறவியர் சபை அமைந்தது. 1274இல் பிரெஞ்சு நாட்டு லியோன் நகரில் திருச்சபையின் பெருமன்றம் கூடியபோது, புதிய சபைகள் கலைக்கப்படக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. முதுமையை நெருங்கிக்கொண்டிருந்த பியெத்ரோ அத்துணைத் தொலைவும் நடந்தே சென்று தம் சபைக்கு ஒப்புதல் பெற்றுத் திரும்பினார் என்பர். லாக்விலா நகரின் புறத்தே கொல்லெமாஜ்ஜோ என்னுமிடத்தில் அன்னை மரியாளுக்கு அழகியதொரு கோயிலையும் எழுப்பினார். அக்கோயில் 1288இல் திருநிலைப்படுத்தப்பெற்றது.

இவற்றை ஈண்டு நாம் குறிப்பதற்குக் காரணம் உண்டு. பியெத்ரோ உலகியலே அறியாத பேதை அல்லர். கோயில் கட்டியவர், மடங்கள் பலவற்றை நடத்தியவர். தமக்கு இயன்ற அளவில் அவர் திறமை உடையவராகவே விளங்கினார். அந்த அளவு எதுவரை என்பதே பின்னர் எழுந்த சிக்கல்.

வெற்றிருக்கையும் ஒரு மடலும்

1292ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நான்காம் நிக்கோலாஸ் என்னும் போப்பாண்டவர் மறைந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கர்தினால்மார் பன்னிருவரே. உரோமை நகரின் பெருங்குடிகளான கொலோன்னா, ஓர்சினி ஆகிய இரண்டின் பூசலும் அப்பன்னிருவரிடையே புகுந்து நின்றது. ஒரு சாரார் முன்மொழிந்தவரை மறு சாரார் ஏற்கவில்லை. நோய் பரவியதால் உரோமையை விட்டுப் பெரூஜியா நகருக்குச் சென்று கூடினர். இடையே ஒருவர் இறந்தும் போனார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் திருச்சபைக்குத் தலைவர் இல்லை.

நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் சார்லசுக்கோ ஒரு போப்பாண்டவர் உடனே தேவைப்பட்டார். 1282இல் அவர் குடும்பத்தின் கையைவிட்டுப் போன சிசிலித் தீவைப் பற்றிய உடன்படிக்கைக்குப் போப்பாண்டவரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. இந்நிலையில், இருக்கையை வெற்றிடமாக வைத்திருப்போர் இறைவனின் சினத்துக்கு ஆளாவர் என்று எச்சரிக்கும் மடல் ஒன்று மலையிலிருந்து வந்தது. எழுதியவர் முனிவர் பியெத்ரோ. மூத்த கர்தினாலாகிய லத்தீனோ மலபிராங்கா அதனை அவையில் எடுத்துரைத்து, அம்முனிவரையே தலைவராக்கலாம் என்று கூறினார். ஈராண்டுக் காலம் ஒருவர் பெயரில் ஒன்றுபடாதவர்கள் அப்பெயரில் ஒன்றுபட்டனர். 1294 ஜூலை 5ஆம் நாள் பியெத்ரோ தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்போது அவர் எண்பது வயதை ஒட்டிய முதியவர்.

கர்தினால்மார் அவரைத் தேர்ந்தெடுத்தது அவருடைய தூய்மையைக் கண்டா? ஓரளவு ஆம் என்றே கொள்வோம். ஆனால் முழுக் காரணமும் அதுவன்று. அவர் இக்கட்சியினரும் அல்லர், அக்கட்சியினரும் அல்லர், முதியவர், நெடுநாள் இருக்கமாட்டார். தம் பூசலைத் தாமே தீர்க்கும் துணிவு இல்லாதவர்கள் அதனை ஒரு முனிவரின் தலையில் இறக்கி வைத்தனர். இதனை நாம் மறத்தலாகாது. பின்னாளில் அவர் பொறுப்பைத் துறந்தார் என்று குறை கூறுவோர், அவருக்கு முன்பே பொறுப்பைத் துறந்துவிட்ட பதினொருவரை எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் இருக்கையில் அமர்ந்தவாறே துறந்தனர்; அதனால் அது யார் கண்ணுக்கும் படவில்லை.

தூதர் மலையேறிச் சென்று முனிவரை வணங்கிச் செய்தியைக் கூறினர். அவர் அஞ்சினார், தயங்கினார், இறுதியில் இசைந்தார். இருக்கை இனியும் வெறுமையாக இருத்தலாகாது என்று எழுதியவர் அவரே அன்றோ? தாம் எழுதிய சொல்லே தம்மைக் கட்டியது என்று அவர் கருதியிருக்கலாம். ஆகஸ்ட் 29ஆம் நாள், தாம் எழுப்பிய கொல்லெமாஜ்ஜோ கோயிலிலேயே முடி சூட்டப்பெற்றுச் செலஸ்தீன் என்னும் பெயரை ஏற்றார். கழுதை மீதேறி அவர் நகருக்குள் வந்தார். அக்கழுதையின் கடிவாளத்தை ஒருபுறம் மன்னர் சார்லசும், மறுபுறம் அவர் மகனும் பிடித்து வந்தனர். மக்கள் அதில் பணிவின் வடிவைக் கண்டனர். கடிவாளம் யார் கையில் இருந்தது என்பதைக் கண்டவர் சிலரே.

நல்லவரும் வல்லவரும்

நாளெல்லாம் கோப்புகளோடும் முத்திரைகளோடும் பழகும் நம் போன்றோர்க்குச் செலஸ்தீனின் ஐந்து மாத ஆட்சியைப் படிக்கும்போது நெஞ்சம் பதைக்கும். அவர் உரோமைக்குச் செல்லவில்லை. மன்னரின் விருப்பப்படி நேப்பிள்சில் உள்ள கோட்டையில் தங்கினார். செப்டம்பரில் பன்னிரு புதிய கர்தினால்களை அமர்த்தினார். அவர்களுள் எழுவர் பிரெஞ்சு நாட்டவர். இருபது வயதை ஒட்டிய மன்னர் மகன் ஒருவருக்கு லியோன் நகரத்துப் பேராயர் பதவி அளிக்கப்பெற்றது. கேட்டவர்க்கெல்லாம் கேட்டது கிடைத்தது. ஒரே பதவி ஒருவர்க்கு மேற்பட்டோருக்கு வழங்கப்பெற்றதும் உண்டு. எழுத்து நிரப்பப்படாத ஆணைத் தோல்களிலும் முத்திரை பதிந்து வெளியே சென்றதாகக் கூறுவர். திருச்சபையின் அலுவல் மொழியாகிய இலத்தீனில் அவருக்குத் தேர்ச்சி குறைவு. தம்மைச் சூழ்ந்து நின்று பேசுவோரின் பேச்சில் எது உண்மை, எது சூழ்ச்சி என்று பிரித்தறியும் பயிற்சி அதனினும் குறைவு. குகையில் அவரை நாடி வந்தவர்கள் தம் பாவத்தைக் கூற வந்தவர்கள். கோட்டையில் அவரை நாடி வந்தவர்கள் தம் தேவையைக் கூற வந்தவர்கள். இரு திறத்தாருக்கும் அவர் ஒரே செவியால் செவி சாய்த்தார்.

அவர் தமக்கென ஒரு செப்புக் காசும் சேர்த்தவர் அல்லர். அவரிடம் பொய் இல்லை; வஞ்சம் இல்லை. அவ்வாறிருந்தும் அவர் கையால் தீமை நிகழ்ந்தது. ஒரு பதவிக்கு இருவர் ஆணை பெற்று வந்து நின்றால், அவருள் ஒருவர் ஏமாற்றப்பட்டவரே. முத்திரை இட்டவரின் உள்ளம் தூயது என்பது அந்த ஏமாற்றத்தைப் போக்காது.

இங்கே வள்ளுவப் பெருந்தகையை நினையாதிருக்க இயலவில்லை. துறவறத்தை அவர் அறத்துப்பாலில் வைத்தார். வினைக்கு உரியவரைத் தேர்ந்து அமர்த்துவதைப் பொருட்பாலில் ‘தெரிந்து வினையாடல்’ எனத் தனியோர் அதிகாரமாக வைத்தார். இவர் நல்லவரா என்பது ஒரு வினா. இவர் இவ்வினைக்கு வல்லவரா என்பது வேறொரு வினா. முதல் வினாவுக்குக் கிடைத்த விடையைக் கொண்டு இரண்டாம் வினாவையும் தீர்த்துவிட்டதாக எண்ணுவதே மனித குலத்தின் பழைய மயக்கம். நல்லவரைத் தலைவராக்கினால் எல்லாம் நலமாகும் என்று நம்புகிறோம். நலமாகாதபோது அவர் நன்மையையே ஐயுறுகிறோம். இரண்டும் பிழை.

செலஸ்தீன் இவ்வுண்மையைத் தம் வழியில் உணர்ந்தார். கோட்டைக்குள்ளேயே மரப்பலகைகளால் சிறியதொரு குடில் அமைத்து அதனுள் ஒடுங்கினார். கிறித்து பிறப்பு விழாவுக்கு முந்திய நோன்புக் காலத்தில் தாம் தனித்திருக்க விரும்பி, ஆட்சிப் பொறுப்பை மூன்று கர்தினால்களிடம் ஒப்படைக்க எண்ணினார். ஒரு தலைக்கு மாற்றாக மூன்று தலைகள் எங்ஙனம் ஆகும் என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர் கூற்று நேரியதே. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பொறுப்பைப் பிறர் கையில் விடுதல் துறவும் அன்று, ஆட்சியும் அன்று. அது தடுக்கப்பட்ட பிறகு அவர் முன் இரண்டு வழிகளே எஞ்சின. முழுதும் இருத்தல், அல்லது முழுதும் விடுதல்.

இரண்டாம் துறவு

போப்பாண்டவர் பதவியை ஒருவர் தாமே துறக்கலாமா? அக்காலத்தில் அதற்குத் தெளிவான விதி இல்லை. செலஸ்தீன் சட்டம் கற்றவர்களை அழைத்துக் கேட்டார். அவர்களுள் முதன்மையானவர் பெனதெத்தோ கயெத்தானி என்னும் கர்தினால். துறக்கலாம் என்று விடை வந்தது. 1294 டிசம்பர் 13ஆம் நாள் அவர் கர்தினால்மாரைக் கூட்டினார். துறப்பதற்கு உரிமை உண்டு என்னும் விதி முதலில் நிலைநாட்டப்பெற்றது. அதன்பின் தம் விலகலைப் படித்தார். எளிய வாழ்வின் மீது கொண்ட வேட்கை, உடல் தளர்ச்சி, அறிவுக் குறைவு, இழந்த அமைதியை மீண்டும் பெறும் விருப்பம் ஆகியவற்றைக் காரணமாகக் கூறினார். இருக்கையை விட்டு இறங்கினார். மோதிரத்தையும் மேலாடையையும் களைந்தார். மலையில் அணிந்திருந்த பழைய முரட்டு ஆடையோடு திரும்பி வந்து தரையில் அமர்ந்தார்.

அவர் கூறிய காரணங்களை நாம் ஊன்றி நோக்க வேண்டும். உடல்நலக் குறைவு என்னும் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். எண்பது வயதினர் அதனைக் கூறினால் யார் மறுப்பர்? பதவி விலகுவோர் பலரும் பற்றுவது அந்த ஒரு காரணத்தையே. செலஸ்தீனோ ‘எனக்கு இதற்கு உரிய அறிவு இல்லை’ என்பதனையும் சேர்த்துக் கூறினார். ஐரோப்பாவின் மிக உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவாறு, தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களின் முகத்துக்கு எதிரே, அதனைக் கூறினார். முதல் துறவில் அவர் விட்டது உழவர் குடியின் சிறு உடைமைகளை. இரண்டாம் துறவில் அவர் விட்டது தம்மைப் பற்றி உலகம் கொண்டிருந்த மதிப்பை. துறவிக்கு இறுதியாக எஞ்சும் உடைமை அதுவே. அதனை விட்டவர் மிகச் சிலர்.

விலகலின் விலை

இத்துடன் கதை முடிந்திருந்தால் அறத்தின் தீர்ப்பு எளிதாகும். ஆனால் முடியவில்லை. டிசம்பர் 24ஆம் நாள், துறக்கலாம் என்று அறிவுரை கூறிய அதே பெனதெத்தோ கயெத்தானி, எட்டாம் போனிபாஸ் என்னும் பெயரில் போப்பாண்டவரானார். செலஸ்தீன் வழங்கிய சலுகைகள் பலவற்றை அவர் நீக்கினார். முன்னவர் துறந்தது செல்லாது என்று கூறுவோர் தோன்றினால் திருச்சபை இரண்டாகப் பிளவுறும் என்றும் அஞ்சினார். அவ்வச்சம் வெறும் கற்பனை அன்று. 1297இல் கொலோன்னாக் குடியினர் அங்ஙனமே கூறி எழுந்தனர். ஆகவே பியெத்ரோவைத் தம் காவலில் வைத்துக்கொள்ள விழைந்தார். முதியவர் தப்பினார். மலைகளில் மறைந்து திரிந்தார். கடல் கடந்து கிரேக்க நாடு செல்ல முயன்றார். 1295இல் வியெஸ்தே என்னும் கடற்கரையூரில் பிடிபட்டார். உரோமைக்குத் தெற்கே ஃபுமோனே என்னும் குன்றுக் கோட்டையில், குறுகிய அறை ஒன்றில் அடைக்கப்பெற்றார். 1296 மே 19ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார்.

தாம் பட்ட துன்பத்தை அவர் ஏற்றுக்கொண்டார் என்று நாம் ஆறுதல் அடையலாம். பிறர் பட்ட துன்பம் அத்தகையது அன்று. பிரான்சிஸ்கன் துறவியருள் கடும் வறுமையைக் கைக்கொள்ள விரும்பிய சிறு கூட்டத்தார், தம் சபைத் தலைவர்களால் தொல்லையுற்று, செலஸ்தீனை நாடி வந்தனர். அவர்களைத் தனிக் குழுவாக வாழ அவர் இசைந்தார். அவர் துறந்தவுடன் அந்நிழல் அகன்றது. போனிபாஸ் அச்சலுகையை நீக்கவே, அவர்கள் தாய்நாட்டை விட்டுக் கிரேக்கத் தீவொன்றில் புகலடைந்தனர். தம்மை நம்பி வந்தோரைக் காக்கும் ஆற்றலையும் மோதிரத்தோடு கழற்றி வைத்துவிட்டார் அம்முனிவர். ‘நான் தகுதியற்றவன்’ என்று கூறி நீங்குவது நீங்குபவர்க்கு விடுதலை ஆகலாம். எஞ்சி நிற்போர்க்கு அது புயலாக வரக்கூடும்.

இக்காரணம் பற்றியே அவரைப் பற்றிய தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே தம் காப்பியத்தில், நரகின் வாயிலில், நன்மையும் செய்யாது தீமையும் செய்யாது காலம் கழித்தோரிடையே, அச்சத்தால் பெரும் பொறுப்பை மறுத்த ஒருவரை நிறுத்தினார். பெயர் கூறவில்லை. அவர் செலஸ்தீனே என்று பழைய உரையாசிரியர் பலர் கொண்டனர். தாந்தேயின் சினத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போனிபாசின் ஆட்சிக் காலத்தில் எழுந்த அரசியல் மாற்றத்தால் 1302இல் அவர் தம் ஊராகிய ஃபுளோரன்சை இழந்தார். மீண்டும் அவ்வூரைக் காணாமலே இறந்தார். ஊரை இழந்தவன் உள்ளம் எத்தகையது என்பதை, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம் ஓரளவேனும் உணர்வோம். ஒருவர் இறங்கிய இருக்கையில் மற்றவர் ஏறியதால் தன் வாழ்வு சிதைந்தது என்று கருதும் கவிஞர், இறங்கியவரை எங்ஙனம் மன்னிப்பார்? அடுத்த தலைமுறைக் கவிஞரான பெட்ரார்க், தனிமை வாழ்வைப் போற்றித் தாம் எழுதிய நூலில் இதற்கு நேர்மாறாகக் கூறினார். அச்செயல் கோழையின் செயல் அன்று, உயர்ந்து விடுதலை பெற்ற உள்ளத்தின் செயல் என்பது அவர் கருத்து.

நம் தீர்ப்பு

இருவருள் யார் பக்கம் நாம் நிற்பது? தாந்தே விளைவை நோக்கினார். பெட்ரார்க் உள்ளத்தை நோக்கினார். இரண்டையும் ஒருங்கே நோக்குதலே முறை என்று தோன்றுகிறது. அங்ஙனம் நோக்கினால், கடமையினின்று ஓடுதலுக்கும் கடமைக்காகவே விலகுதலுக்கும் இடையே சில வேறுபாடுகள் புலப்படும்.

ஓடுபவன் பதவியின் பயனை வைத்துக்கொண்டு அதன் சுமையை மட்டும் விடுவான். பெயர்ப்பலகை அவனுடையதாக இருக்கும். பணி வேறொருவருடையதாக இருக்கும். செலஸ்தீன் இரண்டையும் ஒருசேர விட்டார். ஓடுபவன் பழியைப் பிறர்மேல் சுமத்துவான். சூழ்ந்திருந்தோர் சரியில்லை என்பான். செலஸ்தீன் தம் குறையையே கூறினார். மன்னரின் சூழ்ச்சியையும் கர்தினால்மாரின் பூசலையும் எடுத்துரைக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஓடுபவன் இரவோடு இரவாக மறைவான். பின்னால் வருவோர் இருளில் தடுமாறுவர். செலஸ்தீன் முதலில் விதியைத் தெளிவாக்கி, அவை நடுவே நின்று, அவ்விதிப்படி விலகினார். அவ்விதியை 1298இல் திருச்சபையின் சட்டத் தொகுப்பில் சேர்த்தவர், அவரைச் சிறை வைத்த அதே போனிபாஸ் என்பது வரலாற்றின் விந்தை.

ஆயினும் அவரை நாம் முற்றும் விடுவித்தல் இயலாது. அவருடைய நிழலில் ஒதுங்கிய எளியோர்க்கு அவர் துறவு கேடாக முடிந்தது. விலகுதல் அறமாகவே இருந்தாலும், அதற்கு விலை இல்லை என்று கூறுவது அறமாகாது. இதனை வேறு வகையாகக் கூறலாம். தகுதியற்ற பொறுப்பை ஏற்றபின் குற்றமற்ற வழி என்று ஒன்று எஞ்சுவதில்லை. இருந்தாலும் சிலர்க்குத் தீங்கு. விலகினாலும் சிலர்க்குத் தீங்கு. குறைந்த தீங்கைத் தெரிந்துகொண்டு, அதன் பழியைத் தானே ஏற்று நிற்பதே அப்போது இயன்ற அறம். செலஸ்தீன் செய்தது அதுவே. ஆகவே அவருடைய வாழ்வில் நாம் தேட வேண்டிய பிழை டிசம்பர் மாதத்து விலகலில் இல்லை. ஜூலை மாதத்து இசைவில் இருக்கிறது. அவ்விசைவிலும் பெரும்பங்கு, அவரை மலையிலிருந்து இழுத்து வந்தவர்களையே சாரும்.

இவ்வுண்மை போப்பாண்டவர்க்கும் மன்னர்க்கும் மட்டும் உரியது அன்று. குடும்பங்களிலும் காண்கிறோம். பொறுமையுள்ள ஒரு மகன்மீதோ மகள்மீதோ பெற்றோர் பொறுப்பு, உடன்பிறந்தார் பொறுப்பு, ஊர்ச் சொத்தின் பொறுப்பு அனைத்தும் சென்று சேர்கின்றன. ‘அவன் நல்லவன், பார்த்துக்கொள்வான்’ என்று மற்றவர்கள் தத்தம் ஊரில் அமைதியுறுகின்றனர். ஒருநாள் அவன் ‘இனி என்னால் இயலாது’ என்று கூறினால், அவனைக் கல்நெஞ்சன் என்கிறோம். அவன் சுமையை நாம் என்று பகிர்ந்துகொண்டோம் என்று நம்மை நாமே வினவுவதில்லை. மன்றங்களிலும் சங்கங்களிலும் இதுவே நடக்கிறது. பூசலைத் தீர்க்க இயலாதபோது, எவரோடும் பகையில்லாத பெரியவர் ஒருவரைத் தலைவராக்கி மாலை சூட்டுகிறோம். சூட்டியபின் கூட்டத்துக்குச் செல்வதில்லை.

ஆகவே பொறுப்பைத் துறப்பவரை எடைபோடுமுன், அவரிடம் பொறுப்பைச் சேர்த்தவர்களையும் அதே தராசில் நிறுத்த வேண்டும். பொறுப்பை ஏற்பவரும் ‘என்னை மதித்து அழைத்தனரே’ என்னும் மகிழ்ச்சியில் மயங்காது, ‘இது என் கைக்கு அடங்குமா’ என்று முதலிலேயே கேட்டல் வேண்டும். முதலில் மறுத்தால் ஒருநாள் வருத்தம். இடையில் விலகினால் பலர்க்கு வருத்தம். விலகாமலே சிதைய விட்டால் தலைமுறைக்கும் வருத்தம்.

திறந்த கதவு

பியெத்ரோவை 1313 மே மாதத்தில் அவிஞ்ஞோன் நகரில் ஐந்தாம் கிளமெண்ட் புனிதராக அறிவித்தார். அதற்கும் அரசியல் ஒரு காரணம். போனிபாசின் கடும் பகைவரான பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப்பு அதனைப் பெரிதும் வேண்டினார். உலகம் அம்முனிவரை இறந்த பின்னும் தன் கருவியாகவே கொண்டது. ஆயினும் புனிதர் பட்டியலில் அவர் பெயர் செலஸ்தீன் என்னும் போப்பாண்டவராக அன்று, பியெத்ரோ என்னும் துறவியாகவே எழுதப்பெற்றது. அவர் விரும்பிய பெயர் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அவருடைய ஐந்து மாத ஆட்சியில் நிலைத்து நின்ற செயல் ஒன்று உண்டு. ஆகஸ்ட் 28ஆம் நாள் மாலை முதல் 29ஆம் நாள் மாலை வரை, தம் பாவத்துக்கு வருந்தி அதனை அறிக்கையிட்டுக் கொல்லெமாஜ்ஜோ கோயிலுக்குள் வருவோர் அனைவர்க்கும் முழு மன்னிப்பு என்று அவர் ஆணையிட்டார். செல்வர், வறியர் என்ற வேறுபாடு இல்லை, காணிக்கை இல்லை. போனிபாஸ் அதனை நீக்க முயன்றும் லாக்விலா மக்கள் ஆணைத் தோலைக் கைவிடவில்லை. அவ்விழா இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. 2019இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. முத்திரை இடத் தெரியாதவர் என்று ஏளனம் செய்யப்பெற்றவரின் முத்திரைகளுள் இது ஒன்று எழுநூறு ஆண்டுகள் கடந்து நிற்கிறது. பாவத்தைக் கூற வருவோர்க்கு என்ன தர வேண்டும் என்பதை மட்டும் அவர் குகையிலேயே கற்றிருந்தார் அன்றோ?

2009 ஏப்ரல் 6ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் லாக்விலா சிதைந்தது. கோயிலின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. செலஸ்தீனின் உடல் வைத்திருந்த கண்ணாடிப் பேழை மீட்கப்பெற்றது. அம்மாதம் 28ஆம் நாள் அங்குச் சென்ற போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட், தம் பதவியின் அடையாளமான தோள்துகிலைக் கழற்றி அப்பேழை மீது வைத்தார். 2013 பிப்ரவரியில் அவரும் முதுமையால் ஆற்றல் குறைந்தமையைக் கூறித் தாமே பதவி துறந்தார். செலஸ்தீனின் விதி அவர்க்கு வழி காட்டியது. 2022 ஆகஸ்ட் 28ஆம் நாள் போப்பாண்டவர் பிரான்சிஸ் அங்குச் சென்று கொல்லெமாஜ்ஜோவின் புனிதக் கதவைத் திறந்து வைத்து, செலஸ்தீனைத் துணிவுடையவர் என்று போற்றினார்.

ஏறுவதற்கு வழிகாட்டிகள் இவ்வுலகில் பலர் உண்டு. இறங்கும் வழியைக் காட்டியவர் அம்முதியவர். சுமையை இறக்கி வைக்கும் ஒருவரை இனி நாம் காணும்போது, ‘ஏன் விலகினாய்’ என்று கேட்குமுன், ‘உன் சுமையில் எம் பங்கு எவ்வளவு’ என்று கேட்கும் பெருந்தன்மை நமக்கு வாய்க்குமாக.